ஆளில்லாத நெய்தல்

மாமல்லபுரம் கடற்கரையைக் கருப்பு வெள்ளையில் எடுக்கும் நிலக்காட்சிப் படங்களுக்கு இன்று ஓர் அச்சு அமைந்துவிட்டது. சதுரச் சட்டகம், வெளுத்து உறைந்த கடல், நடுவில் கடற்கோயிலோ, ஒற்றைப் பாறையோ, அலைதடுப்புக் கற்களின் கருத்த வரிசையோ, மேலே நீளமாக இழுபட்ட மேகம். ஆள் கிடையாது. படகு இருந்தால் ஒன்றே ஒன்று இருக்கும், அதன் சொந்தக்காரர் இருக்கமாட்டார். கடலை விட்டு உள்ளே செங்கல்பட்டுப் பக்கம் வந்தால் கொளவாய் ஏரியிலோ மதுராந்தகம் ஏரியிலோ தண்ணீருக்குள் தனித்து நிற்கும் ஒரு மரம். கண்காட்சிச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் வரவேற்பறைகளிலும் இவை தொங்குகின்றன. வார இறுதிப் பட்டறைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தரப்படுகின்றன. போட்டிகளில் பரிசும் பெறுகின்றன.

யாரிடமிருந்து கற்றீர்கள் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்கள்: மைக்கேல் கென்னா. இன்னும் கொஞ்சம் தேடிப் பார்த்தவர்கள் ஹிரோஷி சுகிமோட்டோவையும் ஆன்சல் ஆடம்ஸையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தாக்கம் பெறுவது குற்றமில்லை. தாக்கம் இல்லாமல் எந்தக் கலையும் தொடங்கியதில்லை. ஆனால் அண்மைக்காலமாக இந்தப் படங்களுக்கு ஒரு தமிழ்த் தற்காப்பு முளைத்திருக்கிறது. இந்த வெறுமை இரவல் வாங்கியதல்ல, இது நெய்தல் திணை, நெய்தலின் உரிப்பொருளான இரங்கலைத்தான் நாங்கள் படமாக்குகிறோம் என்கிறார்கள். கண்காட்சிக் குறிப்புகளில் இந்த வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. நல்ல வாசகர்கள்கூட அதை ஏற்றுத் தலையாட்டுகிறார்கள். இந்தத் தற்காப்பு தவறு. அது தவறென்று தெரிந்தால்தான் படங்களின் குறையும் தெரியும்.

முதலில் அவர்களுக்குரியதைக் கொடுத்துவிடுகிறேன். மாமல்லபுரத்தைச் சுற்றுலா அட்டையின் நீலத்திலிருந்தும் திருமணப் படப்பிடிப்பின் செயற்கைப் பொன்னிறத்திலிருந்தும் மீட்டவர்கள் இவர்கள். கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் எத்தனை சாம்பல்கள் உண்டு என்பதை ஒரு தலைமுறைக்குக் காட்டினார்கள். விடிவதற்கு முன் எழுந்து, ட்ரைபாட் சுமந்து, ஈர மணலில் நின்று, ஒரு நாளைக்கு ஒரு படத்தோடு திரும்பும் பொறுமை நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளும் காலத்தில் அரிது. அச்சிடுவதிலும் அக்கறை காட்டுகிறார்கள். இவ்வளவும் உண்மை.

கருப்பு வெள்ளையே நமக்கு அந்நியம் என்று சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன். ஒளிப்படக்காரர் ரகுபீர் சிங் 1998இல் வெளிவந்த ‘ரிவர் ஆஃப் கலர்’ நூலில் ஏறத்தாழ அப்படித்தான் வாதிட்டார்: இந்திய மனம் வண்ணத்தில் இயங்குகிறது, கருப்பு வெள்ளை மேற்கின் மனநிலை என்று. அவர் பெரிய கலைஞர், ஆனால் இந்த வாதம் தமிழ்நாட்டில் நிற்காது. கே. எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்திகளும், சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் வரைந்து கொடுத்தவையும் வெறும் கருப்பு மைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், கே. ராமானுஜம் மையால் நிரப்பிய தாள்கள் இருக்கின்றன. கோபுரம், பாம்பு, தொப்பி போட்ட மனிதன், பறக்கும் உருவங்கள் என்று ஓரங்குலம்கூடக் காலியாக விடாத கனவுகள் அவை. 1973இல் அவர் இறந்தார். இதே கரையில் கருப்பு வெள்ளையில் வேலை செய்த மாபெரும் கலைஞர் அவர். இந்த ஒளிப்படக்காரர்கள் தங்கள் முன்னோடிகளைச் சொல்லும்போது அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கென்னா எடுத்த ஹொக்கைடோவின் பனிவெளி மனப்பாடம். ஈஞ்சம்பாக்கம் போகும் வழியில் கடந்துபோகும் ஓர் ஊர்.

கென்னாவையாவது முழுதாகப் படித்தார்களா? அவர் 1953இல் இங்கிலாந்தின் விட்னெஸ் என்ற தொழிற்பேட்டை ஊரில் பிறந்தவர், ரசாயன ஆலைகளின் ஊர் அது. அவருடைய பெரிய ஆசான் பில் பிராண்ட். பிராண்ட் 1937இல் ஹாலிஃபாக்ஸில் ஆலைச்சுவரை ஒட்டிய ஒரு சரிவான கல்பாதையை எடுத்தார். கரியும் ஈரமும் பளபளக்கும் படம். கென்னா 1986இல் அதே இடத்துக்குப் போய் நின்று அதே பாதையை எடுத்து, தலைப்பிலேயே பிராண்டின் பெயரையும் வைத்தார். ஆசானின் காலடியில் நின்று பார்த்துவிட்டுத் தன் வழிக்குப் போவதன் நேர்மையான வடிவம் அது. அவர் ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களை ஆண்டுக்கணக்கில் எடுத்தார். நாஜி வதைமுகாம்களின் எச்சங்களை எடுத்தார். கென்னாவின் மௌனம் இப்படிப்பட்ட இடங்களில் பழகிய மௌனம். ராட்கிளிஃப் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது; பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் அது. அதன் உருவம் இனி பெரிதும் அந்தப் படங்களில்தான் வாழும்.

இப்போது மாமல்லபுரத்திலிருந்து தெற்கே பாருங்கள். சில கிலோமீட்டரில் கல்பாக்கம் அணுமின் நிலையம், 1980களிலிருந்து இயங்குவது. அதற்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள்: 2013இல் திறந்தது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024இல் திறந்தது 15 கோடி லிட்டர். அவற்றை அடுத்து, கரை அரிக்கப்படுவதாக முறையிடும் சூலேரிக்காட்டு மீனவர்கள். கென்னாவை உண்மையாகவே உள்வாங்கிய ஒருவர் இந்தக் கரையில் நின்றால் அவருக்கு ராட்கிளிஃப் நினைவு வந்திருக்க வேண்டாமா? அணுமின் நிலையத்தைப் படமெடுக்கக் கட்டுப்பாடு உண்டு, தெரியும். நெம்மேலிக் கரையில் நின்று கடலுக்குள் போகும் குழாயைப் பார்க்கக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆனால் நம்மவர் சட்டகங்கள் இவற்றையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் விலகிக்கொள்கின்றன. பிராண்டிடமிருந்து கென்னாவுக்கு வந்தபோது இருந்த ஆலையும் புகையும், கென்னாவிடமிருந்து நமக்கு வரும் வழியில் உதிர்ந்துவிட்டன. பனியும் ஒற்றை மரமும் மட்டுமே கரை சேர்ந்திருக்கின்றன. இன்னொன்றும் உதிர்ந்தது. கென்னாவின் படத்தலைப்புகளில் இடப்பெயரும் நாடும் ஆண்டும் இருக்கும். சுகிமோட்டோ 1980 முதல் எடுத்துவரும் கடல்களில் அடிவானமும் நீரும் தவிர எதுவும் இல்லை, ஆனாலும் எந்தக் கடல், எந்த நாடு, எந்த ஆண்டு என்று எழுதியிருப்பார். நம் சுவர்களில் ‘மௌனம் 3’, ‘தனிமை 7’. எந்தக் குப்பத்தின் தனிமை?

ஆன்சல் ஆடம்ஸுக்கும் இதுவே நேர்ந்தது. ஆளற்ற யோசெமிட்டியின் பேரழகை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1851இல் அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளை ஆயுதப்படை துரத்தியடித்தது என்பதையும், அதைப் பற்றி அந்தப் படங்கள் பேசவில்லை என்று அமெரிக்காவிலேயே நெடுங்காலமாக விவாதம் நடக்கிறது என்பதையும் விட்டுவிட்டார்கள். அதே ஆடம்ஸ் 1943இல் மன்சனார் முகாமுக்குப் போய், போர்க்காலத்தில் அடைத்துவைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை எடுத்து மறு ஆண்டே நூலாக்கினார் என்பதும் வேண்டாமாகிவிட்டது. ஆசானிடமிருந்து உத்தியை எடுத்துக்கொள்வது எளிது. அந்த உத்தியை அவர் எதற்காகக் கைக்கொண்டார், எங்கே அதை விட்டு வெளியே வந்தார் என்று கேட்பதுதான் கற்றல்.

சரி, உத்தியின் விஷயத்துக்கே வருகிறேன். என் நெடுநாள் மனக்குறை இங்கேதான் இருக்கிறது. லாங் எக்ஸ்போஷர், அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுப்பது, வெறும் அழகு சேர்க்கும் முறை இல்லை, அது ஒரு தேர்வுக் கருவி. லென்ஸுக்கு முன் மாட்டும் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்குகிறது. அறுபதில் ஒரு நொடியில் எடுக்கக்கூடிய படத்துக்குப் பதினேழு நொடி தேவைப்படும். விடியற்கால ஒளியில் அது இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் அசையாமல் நிற்பது மட்டுமே படத்தில் பதியும். கோயில் பதியும், பாறை பதியும், தடுப்புக்கல் பதியும். நடப்பவர் பதியமாட்டார். விடியற்காலையில் மாமல்லபுரம் குப்பத்தில் யார் அசையாமல் நிற்கிறார்கள்? பைபர் படகு கரையேறுகிறது. நாலைந்து பேர் வலையைப் பிரித்து மீனை எடுக்கிறார்கள். ஏலம் நடக்கிறது, கூடையோடு பெண்கள் நிற்கிறார்கள், ஐஸ் வருகிறது, காக்கையும் நாயும் வருகின்றன. கரைவலை இழுக்கிற நாளென்றால் இரண்டு வரிசையில் ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். இவர்கள் அத்தனை பேரையும் இந்தக் கருவி துடைத்துவிடுகிறது. படம் பிடிக்கும்போது அவர்கள் அங்கே இல்லாமலில்லை, அவர்கள் கண்ணெதிரே இருக்கும்போதே நீக்கப்பட்டிருக்கிறார்கள். உழைப்பவர்தான் அசைவார். அசைபவரை அழிப்பதையே விதியாகக் கொண்ட ஓர் உத்தியை மீன்பிடி கிராமத்துக்குக் கொண்டுவருபவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்றாக வேண்டும்.

கடலையும் அது அழிக்கிறது. நீர் வெளுத்து வழுவழுப்பானால் அழகாக இருக்கிறது, ஆனால் அது எந்தக் கடல் என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் ஓட்டம் திரும்புகிறது. அதனால்தான் கடலுக்குள் கல்லடுக்கினால் அதன் தென்புறம் மணல் சேர்கிறது, வடபுறம் கரை தின்னப்படுகிறது. வாடையா கச்சானா என்பதையும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் நீரின் மேல்தோலைப் பார்த்தே கணிக்கிறவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் படம் எழுத்தை அழித்துவிட்டுக் கொடுத்த பலகை. இந்தப் படங்கள் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும் அந்தக் கருத்த கல்வரிசைகளே கரையரிப்பின் வரலாறுதான். கோயிலைக் கடலிடமிருந்து காக்கக் கொட்டப்பட்டவை, குப்பத்தைக் காக்கக் கொட்டப்பட்டவை, ஓரிடத்தைக் காக்கப்போய் இன்னோரிடத்தை அரிக்கக் காரணமானவை. படத்தில் அவை ‘வடிவம்’ ஆகிவிடுகின்றன. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கடல் பின்வாங்கிச் சென்று பாறைகளைக் காட்டியது, திரும்பி வந்து உயிர்களைக் கொண்டுபோனது. மணலை வாரிச் சென்றதில் சாளுவன்குப்பத்துப் பழைய செங்கல் முருகன் கோயில் இருந்த இடம் தெரியவந்தது. அந்தக் கடலை மூன்று நிமிடத்தில் தியான மண்டபமாக மாற்றுவதற்கு நாம் ஏன் இத்தனை அவசரப்படுகிறோம்?

வெறுமைக்கு இங்கே ஒரு பழைய பரம்பரையும் உண்டு. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1790களின் தொடக்கத்தில் மாமல்லபுரம் வந்து வரைந்தார்கள். ‘ஓரியண்டல் சீனரி’யில் 1799இல் வெளியான பகுதியில் இங்குள்ள பாறைச் சிற்பங்களும் குடைவரை வாயிலும் இருக்கின்றன. இடிபாடும் இயற்கையும் கலந்த ஒரு சுகமான சோகத்தை அந்தப் படங்கள் இங்கிலாந்தின் வரவேற்பறைகளுக்குக் கொண்டுபோயின. அடுத்து ஒளிப்படம் வந்தது. லின்னேயஸ் ட்ரைப் 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1857 இறுதியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று எடுத்தார். எட்மண்ட் லையன் 1867-68இல் மாமல்லபுரத்தையும் எடுத்தார். ட்ரைப்பின் படங்களை நான் இன்றும் வியந்து பார்ப்பவன். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை இருபத்தொரு அச்சுகளாகத் தொடுத்து அவர் செய்த நீள்படம் ஓர் அதிசயம். அவருடைய கோயில்கள் ஆளின்றிக் கிடப்பதற்கு ஒரு பெரிய காரணம் மெழுகுத்தாள் நெகட்டிவ். அது நிமிடக்கணக்கில் ஒளி கேட்டது. இன்னொரு காரணம் அவரை அனுப்பிய அரசு. பட்டாள அதிகாரியான அவர் கணக்கெடுக்க வந்தவர், கணக்கில் கட்டடம் இருந்தது, மக்கள் இல்லை. அவருக்கு இருந்த தடையை இன்றைய கேமரா எப்போதோ தாண்டிவிட்டது. இன்று ஆயிரத்தில் ஒரு நொடியில் அலைத்துளியை நிறுத்தலாம். அப்படியிருந்தும் லென்ஸின் முன் கருப்புக் கண்ணாடி மாட்டி, 1858ன் குறைபாட்டை விலைகொடுத்து வாங்கிக்கொள்கிறோம். கும்பினி அதிகாரியின் கண்ணுக்கு எது தெரியாமல் போனதோ அது நம் கண்ணுக்கும் தெரியாமல் போகிறது. அவரிடம் நியாயம் இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது?

‘நெய்தல் இருக்கிறது’ என்கிறார்கள். நெய்தலைத் திறந்து பார்ப்போம். கடலும் கடல்சார்ந்த இடமும் எற்பாடும் முதற்பொருள், இரங்கல் உரிப்பொருள், இவ்விரண்டையும் சொல்லிவிட்டு இவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். இடையில் கருப்பொருள் என்று ஒன்று இருக்கிறது. பரதவர், நுளையர், உமணர், அவர்கள் வலை, அவர்கள் உப்பு, அவர்கள் மீன், புன்னை, தாழை, ஞாழல், நாரை, நண்டு. நெய்தல் பாட்டில் இவை ஓரத்து அலங்காரம் இல்லை. காயவைத்த மீனைப் பறவைகளிடமிருந்து காத்தபடி பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உப்பு வண்டிகள் மணலில் இரைந்து போகின்றன. சிறுமிகள் நண்டைத் துரத்தி விளையாடுகிறார்கள். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போய்த் திரும்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஊர் பேசுகிறது. அலர் என்பது நெய்தல் தலைவியின் கழுத்தை இறுக்கும் கயிறு. அவள் தனிமை வலிப்பதற்குக் காரணமே அவளைச் சுற்றி ஊர் நிறைந்திருப்பதுதான். எல்லோரும் திரும்பி வருகிறார்கள், அவன் வரவில்லை. கரையிலிருந்து அத்தனை பேரையும் நீக்கிவிட்டால் அவள் யாருக்கு ஒளித்து அழுவாள்? ஆளில்லாத கடற்கரையில் இரங்கலுக்கு இடமே இல்லை; அங்கே இருப்பது பார்க்க வந்தவரின் ஓய்வு. விடுதி வரவேற்பறையில் இந்தப் படங்கள் இத்தனை பொருத்தமாக அமர்வதற்கும் அதுதான் காரணம்.

இந்த மண்ணையே பாடிய பழம்பாட்டு வேண்டுமென்றாலும் இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது. அது மாமல்லபுரமாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மேற்கிலிருந்து வரும் குதிரைகளும் வடக்கிலிருந்து வரும் வளங்களும் இறங்கும் கப்பல்துறை அது. கடலில் திசை தவறியவர்களைக் கூப்பிட உயரமான மாடத்தில் இரவில் விளக்கு எரிகிறது. அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் பட்டினப்பாலையையும் பாடினார். அதில் பௌர்ணமியன்று கடலுக்குப் போகாத பரதவர் சுறாக்கொம்பை நட்டு வணங்கி, குடித்து ஆடி, கடலில் குளித்து உப்புப்போக ஆற்றில் குளிக்கிறார்கள். தமிழின் கடற்கரைக் கவிஞர் என்று ஒருவரைச் சொல்வதானால் இவரைத்தான் சொல்ல வேண்டும். இவருடைய தாக்கம் பெற்றவர் இந்தக் கரையில் காலி மணலை எப்படி எடுப்பார்?

சொற்களை விடுங்கள், கல்லைப் பாருங்கள். கடற்கோயிலில் இருந்து நடந்தே போகும் தூரத்தில் அர்ச்சுனன் தபசு இருக்கிறது. 90 அடிக்கும் மேல் நீளமும் 40 அடி உயரமும் கொண்ட ஒரே நிறத்து நிலக்காட்சி. நடுவில் பிளவு, அதில் இறங்கும் நதி, நாகர்கள், இருபுறமும் முனிவர், வேடர், விண்ணோர், யானைக் குடும்பம், குரங்கு, மான், தவம் செய்யும் பூனை, அதன் காலடியில் எலிகள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் மலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் கடவுளுக்கு அருகிலேயே ஒருவர் பால் கறக்கிறார், பசு கன்றை நக்குகிறது, ஒருவர் தோளில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. வண்ணம் இல்லாமல், ஒளியையும் நிழலையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிலத்தை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்குப் பல்லவச் சிற்பி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை செதுக்கிவிட்டான். நிலம் என்றால் அதில் யார் யார் வாழ்கிறார்கள் என்பது அவன் விடை. அவனும் வெற்றிடம் விட்டிருக்கிறான். அந்தப் பிளவு வெற்றிடம்தான். எல்லோரும் அதை நோக்கித் திரும்பியிருப்பதால் அதற்கு உயிர் வருகிறது. வெறுமையைக் கற்க ஹொக்கைடோ போனவர்கள் ட்ரைபாட்டைத் தூக்கிக்கொண்டு இந்தப் பாறையைக் கடந்துதான் தினமும் கடலுக்குப் போகிறார்கள்.

ஏரிப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதே நோய்தான். தண்ணீரில் நிற்கும் ஒற்றைப் பனை வரம்பு மரமாக இருந்திருக்கும். கூட நின்ற பனைகள் மனைப்பிரிவுக்காகப் போயிருக்கும். கொளவாய் ஏரியை ஒட்டி மகிந்திரா வேர்ல்ட் சிட்டி எழுந்திருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும் மனைக்கற்கள். கருப்பு வெள்ளை நிலக்காட்சியில் இப்படிப்பட்ட மாற்றத்தைப் படமாக்க மேற்கிலேயே முன்னோடிகள் உண்டு. ராபர்ட் ஆடம்ஸ் 1974இல் ‘தி நியூ வெஸ்ட்’ நூலில் கொலராடோவின் புதுக் குடியிருப்பு வரிசைகளைப் பரிவோடும் வேதனையோடும் எடுத்தார். மறு ஆண்டு ராசெஸ்டரில் நடந்த ‘நியூ டோப்போகிராஃபிக்ஸ்’ கண்காட்சி, மனிதன் மாற்றிய நிலமே நம் நிலம் என்று அறிவித்தது. இங்கிலாந்தின் ஃபே காட்வின் 1985இல் ‘லேண்ட்’ வெளியிட்டார்; நடைபயணிகள் சங்கத்தின் தலைவராக இருந்தார்; வேலிபோட்ட நிலங்களுக்குள் நடக்கும் உரிமைக்காகப் போராடினார், அந்த வேலிகளையும் படமாக்கினார். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை விடுதிச் சுவர்கள் கடலுக்குப் போகும் பாதையை மறைக்கும் இந்த நாளில் காட்வினை விடப் பொருத்தமான ஆசான் நமக்கு யார்? கடற்கோயிலைச் சுற்றியும் வேலி இருக்கிறது, புல்தரை இருக்கிறது. 2019 அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்கள் வந்து சந்தித்தபோது உலகமே அதைப் பார்த்தது. நம் படங்களில் அந்த வேலி மட்டும் எப்போதும் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது.

இதற்கு ஒரு பதில் வரும், தெரியும். நீங்கள் கேட்பது ஆவணப்படம், நாங்கள் செய்வது கலை, குப்பத்தை எடுக்க எம். பழனிகுமார் போன்றவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். மீன் விற்ற தாயின் மகன் அவர். தொழிலாளர் வாழ்வை அவர் எடுக்கும் படங்களை நான் மதிக்கிறேன். ஆனால் மனிதரை ஆவணக்காரர் பார்த்துக்கொள்ளட்டும், நிலம் எங்களுக்கு என்று பங்கு பிரிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்தப் பங்கீட்டைத் திணை அறியாது, பல்லவச் சிற்பி அறியமாட்டான், ராமானுஜத்தின் தாள் அறியாது. நிலத்தை எடுக்க உரிமை கோருகிறவர் அதில் வாழ்பவரை வேறொருவர் கணக்கில் எழுதிவிட முடியாது. எல்லாப் படத்திலும் ஆள் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கரையில் இழுத்துவைத்த படகின் அடியில் தேய்ந்த மணலும், ஏலம் முடிந்த இடத்தின் செதில்களும், கோயில் பாறையில் காயும் வலையும் போதும். ஆள் அங்கே வாழ்கிறார் என்று படம் அறிந்திருந்தால் போதும். இந்தப் படங்கள் அதை அறியவில்லை. அறியாததை மௌனம் என்றும் திணை என்றும் அழைக்கின்றன. இருபது ஆண்டு கழித்து இந்தக் கரையில் எது போயிற்று, எது மிஞ்சிற்று என்று தேடுகிறவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

ஆகவே போட்டி நடத்துபவர்களையும் பட்டறை நடத்துபவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஊர்ப்பெயரும் ஆண்டும் இல்லாத நிலக்காட்சிப் படத்தைப் பரிசுக்கு ஏற்காதீர்கள். மாணவர்களை முதல் நாள் கடலுக்கு அழைத்துப் போகாமல் அர்ச்சுனன் தபசின் முன் காலை முதல் மாலை வரை உட்காரவையுங்கள். ஒளி அந்தப் பாறையில் என்னென்ன செய்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். மறுநாள் தேவனேரிக்கும் வெண்புருஷத்துக்கும் கொக்கிலமேட்டுக்கும் கூட்டிப்போய், அன்று என்ன காற்று என்று கரையில் இருப்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேமராவை எடுத்தபின், சட்டகத்துக்குள் ஒருவர் நடந்து வந்தால் அவர் கடந்துபோகும்வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.